மண்ணுக்குள் கிடந்த ரவையும் கடையில் வாங்கிய பிரைமரும்

கேள்வி: வலிகாமம் வடக்கில் எங்கள் பழைய காணிக்குத் திரும்பி வந்து வீடு கட்டுகிறோம். மலசலகூடக் குழி வெட்டும்போது உக்கிப்போன ஒரு தகரப் பேணி வெளிப்பட்டது. அதற்குள் பச்சைக் களிம்பு பிடித்த சின்ன ரவைகளும் சில வெற்றுக் கோதுகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் இருக்கும் என் மருமகன் பொழுதுபோக்காக வீட்டிலேயே பிஸ்டல் ரவைகளை மீள நிரப்புகிறவர். படத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, இது 9 மி.மீ. போல இருக்கு. பின்பக்கப் பிரைமரைத் தட்டி எடுத்தால் பித்தளையை விற்கலாம், பிரைமர் ஒரு மலிவுச் சாமான்" என்கிறார். பழைய இரும்பு வாங்குகிறவரும் விலை கேட்டுவிட்டுப் போனார். இதைச் செய்யலாமா? மருமகன் அடுத்த முறை வரும்போது அதற்கான கருவியும் கொஞ்சப் பிரைமரும் கொண்டுவரலாமா? மலிவாகவும் நம்பிக்கையாகவும் எந்தப் பிரைமரை வாங்குவது என்று அவரும் கேட்கிறார்.

பதில்: செய்ய வேண்டாம், ஐயா. மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம். முதலில் குழி வெட்டுவதை நிறுத்துங்கள். பேணியைத் தொடாமல், போன வழியாலேயே திரும்பி வாருங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். கிராம சேவையாளருக்கும் பொலிசுக்கும் (அவசர இலக்கம் 119) அறிவியுங்கள். வேலைக்கு வந்தவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். நாள்கூலி போய்விடுமே என்றுதான் பலர் "இன்னும் ரெண்டு மண்வெட்டி வெட்டிப் பார்ப்பம்" என்று தொடர்கிறார்கள்.

மருமகன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் இருக்கும் நாட்டில் இது பலர் செய்கிற சாதாரண பொழுதுபோக்கு. ஆனால் அவருடைய மேசையில் இருக்கும் பிரைமரும் உங்கள் குழியில் கிடக்கும் ரவையின் பின்பக்கத்தில் இருப்பதும் ஒன்றல்ல. வித்தியாசம் விளங்க வேண்டுமென்றால் பிரைமர் என்ன என்று பார்க்க வேண்டும்.

ஒரு ரவையில் நான்கு பகுதிகள். முன்னால் சன்னம், அதைப் பிடித்திருக்கும் பித்தளைக் கோது, கோதுக்குள் வெடிமருந்து, கோதின் அடியில் நடுவில் வட்டமாகத் தெரியும் பிரைமர். வெடிமருந்து தீப்பட்டால் வேகமாக எரியும், அவ்வளவுதான். அடிபட்டால் வெடிப்பது பிரைமர். தீக்குச்சியின் தலை உரசலுக்குக் காத்திருப்பதுபோல அது அடிக்குக் காத்திருக்கிறது. சின்ன உலோகக் கிண்ணம் ஒன்று, அதற்குள் ஒரு துளி வெடிக்கலவை, அதன்மேல் ஒரு சிறு உலோகத் துண்டு. துவக்கின் ஊசி கிண்ணத்தில் குத்தும்போது கலவை அந்தத் துண்டுக்கும் கிண்ணத்துக்கும் இடையில் நசிந்து வெடித்து, கோதின் அடியிலுள்ள துளை வழியாகத் தீயை உள்ளே அனுப்புகிறது. பெரும்பாலான இன்றைய பிரைமர்களில் முக்கிய மருந்து ஈய ஸ்டிஃப்னேட். அதோடு பேரியம் நைத்திரேற்று, அன்டிமனி சல்பைட் போன்றவை சேரும். பழைய காலத்து ரவைகளில் பாதரச ஃபல்மினேட்டும் பொட்டாசியம் குளோரேற்றும் இருந்தன. வெளியிலிருந்து பார்த்து உள்ளே எது இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி மருமகனின் கேள்வி. பிரைமரில் மலிவு என்பது பெட்டியில் அச்சடித்த விலை அல்ல. அங்கே இணையத்தில் வாங்கினால் அபாயப் பொருள் என்பதற்காகத் தனிக் கட்டணம் சேர்ப்பார்கள். நூறு மட்டும் எடுத்தால் அந்தக் கட்டணமே விலையை விழுங்கிவிடும். பக்கத்துக் கடையில் வாங்குவதோ, நண்பர்கள் சேர்ந்து ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் எடுப்பதோதான் உண்மையில் மலிவு. 9 மி.மீ.க்கு வேண்டியது சிறிய பிஸ்டல் பிரைமர், விட்டம் ஏறத்தாழ 4.45 மி.மீ. பெரியது 5.33 மி.மீ. .45 ஏ.சி.பி. என்கிற பெரிய பிஸ்டல் ரவையின் கோதுகளில் பெரும்பாலானவை பெரியதையே ஏற்கும், ஆனால் சில சிறியதற்கென்றே செய்யப்பட்டவை. பொறுக்கிய கோதுகளை அளவு பார்த்துப் பிரிக்காமல் கருவியில் போட்டால் பிரைமர் நசியும், வெடிக்கவும் கூடும். சி.சி.ஐ., வின்செஸ்டர், ரெமிங்டன், ஃபெடரல் நான்கும் நெடுங்காலமாக நம்பப்படுபவை. ஃபெடரலின் கிண்ணம் மென்மையானது, மெல்லிய அடியிலேயே வெடிக்கும், அதனால் விசையின் அழுத்தம் குறைத்த ரிவால்வர்களுக்கு அதைத் தேடுவார்கள். சி.சி.ஐ.யின் கிண்ணம் சற்றுக் கடினம். செக் நாட்டு செல்லியர் அன்ட் பெல்லோ, இத்தாலியின் ஃபியோக்கி, பொஸ்னியாவின் கினெக்ஸ் முதலியன பல தடவை விலை குறைவாகக் கிடைக்கும். நல்லவைதான், ஆனால் அவருடைய கோதில் எப்படி உட்காருகிறது, அவருடைய பிஸ்டலின் ஊசிக்கு முதல் அடியிலேயே வெடிக்கிறதா என்று ஒரு நூறை எடுத்துப் பார்த்த பிறகே ஆயிரம் வாங்க வேண்டும். பிரைமர் வகையை மாற்றினால் வெடிமருந்து அளவையும் குறைத்து முதலிலிருந்து சோதிக்க வேண்டும். மலிவுக்காகத் தலைபோனாலும் செய்யக் கூடாதது, உறை பிரித்த, தொகுதி எண் தெரியாத, யாரோ விட்டுப்போன உதிரிப் பிரைமர்களை வாங்குவது. வாங்கியதைக் கண்ணாடிப் போத்தலில் கொட்டி வைப்பதும் அப்படித்தான். தட்டுகளில் ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கித் தருவதற்குக் காரணம் இருக்கிறது. கொட்டி வைத்தால் ஒன்று வெடிக்கும்போது எல்லாம் சேர்ந்து வெடிக்கும்.

கவனித்துப் பாருங்கள். மருமகன் ஒரு பிரைமரை நம்புவது அதன் பிறப்பு வளர்ப்பு முழுதும் தெரிந்திருப்பதால்தான். யார் செய்தது, எந்தத் தொகுதி, ஈரம் பட்டதா, எப்போது உறை பிரிக்கப்பட்டது, எல்லாம் அவருக்குத் தெரியும். உங்கள் பேணியில் இருப்பதற்கு அதில் ஒன்றுமே தெரியாது.

கோதிலிருந்து தொடங்குவோம். ரவைக்கோதுக்கான பித்தளை ஏறத்தாழ 70 வீதம் செம்பும் 30 வீதம் நாகமும். இந்தப் பித்தளைக்கு அமோனியா பட்டால் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் வெடிப்பு விடும். பிரித்தானிய இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த ரவைகள் தாமாகவே பிளந்து நின்றதை வைத்துத்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாதான் காரணம். நம் வளவுகளை நினைத்துப் பாருங்கள். மாட்டுக்கொட்டில் இருந்த இடம், எரு போட்ட தோட்டம், யூரியா எறிந்த வெங்காயப் பாத்தி. அப்படிப்பட்ட மண்ணில் கிடந்த கோதை எந்த நிரப்புக்காரரும் தன் பிஸ்டலுக்குள் விடமாட்டார். மீள நிரப்புவதற்கு அது உதவாது.

பிரைமரைத் தட்டி எடுப்பதும் அவர் நினைப்பதுபோல் இல்லை. அவர் வெடித்து முடிந்த பிரைமரைத்தான் நாளாந்தம் எடுக்கிறார். உயிரோடு இருப்பதை எடுக்கும்போது, வெடிக்க வைக்க என்ன வேண்டுமோ அதே அழுத்தத்தை நாமே கொடுக்கிறோம். அமெரிக்கப் பாவனைக் கோதுகளில் பெரும்பாலும் நடுவில் ஒரே துளை. ஊசியை விட்டு நேரே தள்ளிவிடலாம். அதற்கு பொக்ஸர் வகை என்று பெயர். உலகின் பல படைகளின் ரவைகள் பெர்டன் வகை. துளை இரண்டு, அவை நடுவில் இல்லை, கலவையை நசிக்கும் அந்த உலோகத் துண்டு பிரைமரில் இல்லாமல் கோதோடு சேர்ந்தே இருக்கும். அவருடைய கருவி அதில் வேலை செய்யாது, ஊசி முறியும். உங்கள் பேணியில் இருப்பது எந்த வகை என்று பார்ப்பதற்குக்கூட ரவையை உடைக்க வேண்டும். உடைக்க வேண்டாம்.

அப்புறம், பித்தளை என்று நீங்கள் நினைப்பது பித்தளையாகவே இல்லாமலும் போகலாம். இங்கே அதிகம் புழங்கிய டி-56 துவக்கின் ரவைகளில் கோது பல தடவை அரக்கோ செம்போ பூசிய இரும்பு. பச்சைக் களிம்பு இருந்தால் செம்பு கலந்த உலோகம் அங்கே இருக்கிறது என்று அர்த்தம். சன்னத்தின் மேல் பூச்சிலிருந்தும் அது வரலாம். இதைச் சரிபார்க்கக் கையில் எடுக்காதீர்கள்.

நம் ஊரில் அடிக்கடி கேட்கிற யோசனை, தண்ணியில் அல்லது மண்ணெண்ணெயில் ஊறவைத்தால் மருந்து செத்துவிடும் என்பது. சாகாது. நனைந்த பிரைமர் அந்த நேரம் வெடிக்காமல் இருக்கலாம், காய்ந்ததும் உயிர் திரும்பும். எண்ணெய் பட்டதும் அப்படியே. ரவை நிரப்புகிறவர்கள் பலர் சோதித்துப் பார்த்து அறிந்த விஷயம் இது, மருமகனிடம் கேட்டால் அவரே ஒத்துக்கொள்வார். கிணற்றுக்குள் போட்டுவிடுவது அதைவிட மோசம். அடுத்த கோடையில் கிணறு இறைக்க இறங்குகிறவரின் காலடிக்கு அதை அனுப்புகிறீர்கள்.

நெருப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காணி துப்புரவாக்கும்போது பனையோலையையும் சருகையும் குவித்துக் கொளுத்துவது நம் வழக்கம். அந்தக் குவியலுக்கு அடியில் இரண்டு விரல் ஆழத்தில் ரவை இருந்தால் சூட்டில் வெடிக்கும். துவக்குக் குழலுக்குள் இல்லாததால் சன்னம் வேகமெடுத்துப் பறக்காது, பிளந்த கோதின் துண்டுகளும் பிரைமர்க் கிண்ணமும்தான் பறக்கும். உயிர் போகிற அளவுக்கு இல்லாவிட்டாலும் கண் போகும். நெருப்பைக் கிளறிவிடக் குனிந்து நிற்கிறவரின் முகம் எந்த உயரத்தில் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். போர்க்காலத்தில் காவலரணோ பங்கரோ இருந்த காணியில், துப்புரவு முடிந்தது என்று தெரியும்வரை குப்பையைத் தரையில் கொளுத்தாதீர்கள்.

சரி, பேணியில் கிடக்கும் ஒரு ரவை தானாக வெடித்து உங்களைக் கொல்லுமா? தொடாமல் விட்டால் அது மிக அரிது. எனக்குப் பயம் ரவையில் இல்லை, அதன் பக்கத்தில் இருக்கக்கூடியதில். ரவைகளைப் பேணியில் போட்டு மண்ணுக்குள் வைத்தவர் அதை மட்டும் வைத்திருப்பார் என்று நினைக்கக் காரணமில்லை. காவலரண் இருந்த இடத்தில் கைக்குண்டும், அதைச் சுற்றி மிதிவெடியும், வெடிக்காத எறிகணையும் இருக்கலாம். அவற்றை வெடிக்க வைக்கும் உருகிகள் துருப்பிடித்த பிறகு எப்படி நடந்துகொள்ளும் என்று அனுபவம் உள்ளவர்களே சொல்லத் தயங்குவார்கள். பேணியை அலவாங்கால் நெம்பும்போது அலவாங்கு எதில் முட்டும் என்று உங்களுக்குத் தெரியாது.

உங்கள் கேள்வியில் எழுதாத ஒன்றையும் நான் வாசித்தேன். பொலிசுக்குச் சொன்னால் நம்மையே விசாரிப்பார்களோ என்கிற பயம். அந்தப் பயத்துக்கு நம் ஊரில் காரணம் இருக்கிறது, அதை யாரும் இலேசாகப் பேசக் கூடாது. ஆனால் சட்டத்தின் பக்கம் பார்த்தால் ஆபத்து மறுபக்கத்தில்தான். 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் இன்னும் நடைமுறையில் இருக்கின்றன. மண்ணில் கண்டதை உடனே அறிவித்தவரின் நிலை வேறு. எடுத்துக் கழுவி வீட்டு அறையில் வைத்தவரின் நிலை வேறு. அதனால் தனியாகப் போகாதீர்கள். பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு முதலில் கிராம சேவையாளரிடம் போங்கள். எத்தனை மணிக்கு, யார், எதற்காக வெட்டும்போது கண்டது என்று ஒரு தாளில் எழுதித் திகதி போட்டு ஒரு பிரதியை நீங்கள் வைத்திருங்கள். வீடு கட்ட எடுத்த அனுமதிப் பத்திரம் கையில் இருந்தால் எதற்குக் குழி வெட்டினீர்கள் என்ற கேள்விக்கு அதுவே பதில்.

பிறகு நடப்பது பெரும்பாலும் இப்படி. பொலிசார் வந்து இடத்தைப் பார்த்துக் காவல் போடுவார்கள். நீதிமன்ற அனுமதி பெற்று விசேட அதிரடிப்படையினரோ இராணுவத்தின் வெடிபொருள் பிரிவினரோ எடுத்துச் செல்வார்கள், அல்லது அங்கேயே செயலிழக்கச் செய்வார்கள். ஓரிரு நாள் தாமதமாகலாம். மழை வரப்போகிறது என்று அதற்குள் நீங்களே இடம் மாற்றாதீர்கள், மண்ணைப் போட்டு மூடவும் வேண்டாம். குழிக்குப் பக்கத்தில் தடி நட வேண்டாம். வரும் பாதையிலேயே, தள்ளி, கண்ணில் படும்படி கயிறு கட்டிவிட்டால் போதும். அவர்கள் வரும்போது பேணியை மட்டும் காட்டி அனுப்பிவிடாமல், குழி முழுவதையும் அதைச் சுற்றியுள்ள இடத்தையும் பார்த்துத் தரும்படி கேளுங்கள். கிராம சேவையாளர் வழியாகப் பிரதேச செயலகத்துக்கும் தகவல் போனால் கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்களிடம் அதைச் சேர்ப்பிக்க இலகுவாக இருக்கும். இந்த வேலை நம் மாகாணத்தில் இன்னும் தேவைப்படுகிற வேலைதான். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. முகமாலைப் பக்கம் கடும் வெயிலில் முட்டுக்காலில் இருந்து மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டும் பெண்களை ஏ-9 வழியாகப் போன பலர் கண்டிருப்பீர்கள். அவர்கள் அவ்வளவு மெதுவாகச் செய்வதை நாம் மண்வெட்டியால் செய்யக் கூடாது.

பழைய இரும்பு வாங்குகிறவர் திரும்பி வருவார். வெற்றுக் கோதுகளையாவது தாருங்கள் என்பார். கொடுக்காதீர்கள். சன்னம் இல்லாத கோதின் அடியில் பிரைமர் வெடிக்காமல் இருக்கலாம், களிம்புக்கு மேலால் ஊசி குத்திய குழி இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. அது தராசில் ஏறி, சுத்தியலுக்குப் போய், கடைசியில் உருக்கும் உலையில் விழும். அங்கே நிற்பவர் உங்களுக்கு முகம் தெரியாத ஒரு கூலிக்காரர்.

மருமகன் பிரைமர் கொண்டுவருவது பற்றி: முடியாது. பிரைமர் விமானப் பயணப் பொதியில், கைப்பையிலோ பெட்டியிலோ, எதிலும் அனுமதியில்லாத வெடிபொருள். விளையாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் விமான நிறுவனத்தின் அனுமதியோடு குறிப்பிட்ட எடைவரை முழு ரவைகளைப் பெட்டியில் கொண்டுபோக வழி உண்டு, தனிப் பிரைமருக்கு அந்தச் சலுகையும் இல்லை. தபாலிலும் அனுப்பக் கூடாது. இங்கே வந்து இறங்கினால் உரிமப் பத்திரம் இல்லாத உங்கள் வீட்டில் அது மேலே சொன்ன இரு சட்டங்களுக்கும் எதிரான பொருள். கருவியை மட்டும் கொண்டுவந்தாலும் அதற்கு உங்கள் வீட்டில் வேலை இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தை மருமகன் தன் நண்பர்களுக்கு அனுப்பியிருந்தால் காணியின் இடம் தெரியும் படங்களை நீக்கச் சொல்லுங்கள். பொறுக்கி விற்கத் தேடி வருகிறவர்கள் உண்டு.

உங்களிடமுள்ள படத்தின் பிரதியைப் பொலிசாரிடம் காட்டுங்கள், அது உதவும். இன்னொரு படம் எடுக்கக் கிட்டப் போக வேண்டாம்.