வாசகர் கேள்வி பதில்: டிக்கெட்டில் மட்டும் ஏன் எட்டு மணி நேரம்?

கேள்வி: லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையம் சுமார் 5,540 கி.மீ. விமானம் மணிக்கு 900 கி.மீ. போகிறது என்றால் ஆறேகால் மணி நேரம்கூட ஆகக் கூடாதே? டிக்கெட்டில் எட்டு மணி நேரம் என்றிருக்கிறது.

பதில்: வகுத்தது சரி, வகுக்க எடுத்த எண்கள்தான் கொஞ்சம் ஏமாற்றுபவை. 5,540 என்பது பூமி உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி, நிஜ விமானம் அதை ஒட்டிப் போகுமே தவிர அச்சாக அதிலேயே போகாது. டிக்கெட்டில் உள்ள நேரமோ பறக்கும் நேரம் மட்டுமில்லை. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நிற்கும்வரை எல்லாம் சேர்த்தி. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நாலு விமானம் நின்றால் காத்திருப்பது, மேலே ஏறும் அரை மணி, இறங்க இடம் கிடைக்காமல் வானத்திலேயே வட்டமடிப்பது, அப்புறம் தாமதமானால் சமாளிக்க விமான நிறுவனமே சேர்த்து வைக்கும் சில நிமிடங்கள். தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்துக்குப் போய்ச் சேரும் மாயம் இதுதான்!

இதைவிடப் பெரிய விஷயம் காற்று. 900 என்பது காற்றுக்குள் விமானத்தின் வேகம், தரைக்கு மேல் அல்ல. அந்த வழியில் பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்றோட்டம் ஒன்று ஓடுகிறது, நியூயார்க் போகும்போது அதை எதிர்த்துத்தான் போக வேண்டும். திரும்பும்போது அதுவே தள்ளிவிடும்: 2020 பிப்ரவரியில் புயல்காற்று வாட்டமாக அமைந்து ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்துவிட்டது.

தோராயமாகத் தெரிந்தால் போதுமென்றால் கி.மீ.யை 800ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள். எதிர்காற்று என்றால் இன்னும் கொஞ்சம்.

கேள்வி: போகும்போது இழந்த நேரம் வரும்போது கிடைத்துவிடுமா?

பதில்: முழுசாகக் கிடைக்காது. 100 கி.மீ. வேகக் காற்று என்று வைத்துக்கொள்வோம். போகும்போது 800, வரும்போது 1,000. 5,540 கி.மீ.க்குப் போகும்போது சுமார் 46 நிமிடம் நஷ்டம், வரும்போது 37 நிமிடம்தான் லாபம். எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோமே, அதனால்.

கேள்வி: 11 மணிக்குக் கிளம்பி 2 மணிக்கு நியூயார்க். மூன்றே மணி நேரமா?

பதில்: இரண்டும் அந்தந்த ஊர் மணி. ஐந்து மணி நேர வித்தியாசத்தைக் கூட்டுங்கள், எட்டு.

கேள்வி: ஹெல்சிங்கி - டோக்கியோ முன்பு ஒன்பதரை மணி நேரம் என்று ஞாபகம். இப்போது 13 என்கிறார்களே, விமானம் மெதுவாகிவிட்டதா?

பதில்: விமானம் அதே வேகம்தான், வழி அடைபட்டுவிட்டது. 2022 பிப்ரவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் விமானங்கள் ரஷ்ய வான்வெளிக்குள் போக முடியாது, சுற்றித்தான் போகின்றன. தூரம் காட்டும் தளங்களில் எண் மாறியிருக்காது, ஏனென்றால் அவை அளப்பது உருண்டையை. விமான நிறுவனத்தின் கால அட்டவணையைப் பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள்.