12 வயசுப் புள்ளைய தலைமன்னார்ல இருந்து நீந்த வைக்கலாமா? நகைய வைக்கிறதுக்கு முன்னாடி இத படிங்க

தங்கச்சிமடத்துல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. அவரு விசைப்படகுல போறவரு, வீட்ல பாசி எடுக்கப் போறாங்க. பொண்ணுக்கு 12 வயசு, அம்மா கூட பாசிக்குப் போய்ப் போய் நாலு மணி நேரம் தண்ணியிலயே கெடக்குமாம், மூச்சே வாங்காதாம். ஒருத்தர் வீடு தேடி வந்து, "புள்ளைய தலைமன்னார்ல இருந்து தனுஷ்கோடி வரைக்கும் நீந்த வச்சு உலக சாதனை சர்டிபிகேட் வாங்கித் தர்றேன், அத வச்சு ஸ்போர்ட்ஸ் கோட்டால டாக்டர் சீட்டு, அப்புறம் ஒலிம்பிக், மொத்தம் மூணரை லட்சம், இப்ப அட்வான்ஸ் ஒரு லட்சம்"னு சொல்லிட்டுப் போயிருக்காரு. நகைய வச்சு கட்டலாமா, 12 வயசுல ஆரம்பிச்சா லேட்டான்னு ரெண்டு கேள்வி.

மொத கேள்விக்கு பதில், கட்டாதீங்கண்ணே. ரெண்டாவதுக்கு, லேட்டெல்லாம் இல்ல. ஏன்னு சொல்றேன், நான் மண்டபத்துல பொறந்து வளந்து இருபது வருஷத்துக்கு மேல நீச்சல் குளத்தோரமா ஸ்டாப்வாட்ச்சோட நிக்கிறவன், நம்ம கடல்புரத்துப் புள்ளைங்க எத்தன பேரு இந்த ஒரே பேச்சுல ஏமாந்தாங்கன்னு கண்ணால பாத்திருக்கேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க. கடல தாண்டுறது வேற, நீச்சல்காரரா வாழுறது வேற. ரெண்டும் பெரிய விஷயம்தான், ஆனா ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு பாலம் கெடையாது. மிஹிர் சென் 1966ல இலங்கைல இருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிஷத்துல நீந்தி வந்தாரு, அந்த ஒரே வருஷத்துல அஞ்சு நீர்வழிய தாண்டுனாரு. நம்ம ஈரோட்டுப் பையன் குற்றாலீஸ்வரன் 1994ல, உங்க பொண்ணு வயசுதான், நமக்கும் இலங்கைக்கும் நடுவுல உள்ள இந்த பாக் ஜலசந்தி, இங்கிலீஷ் கால்வாய்னு ஒரே வருஷத்துல ஆறு நீர்வழிய தாண்டி அந்த சாதனைய முறிச்சாரு, அர்ஜுனா விருதும் குடுத்தாங்க. அதுக்கப்புறம்? ஸ்பான்சர் கெடைக்கல, செலவு தாங்கல, நீச்சல விட்டுட்டு இன்ஜினியரிங் படிச்சு அமெரிக்கா போனாரு. நாடே பேப்பர்ல படிச்ச பையனுக்கே இதுதான் கதி, அந்தப் பையன்கிட்ட கொற எதுவும் இல்ல, தூக்கி விடவேண்டியவங்க தூக்கி விடல. இன்னைக்கு வாரம் ஒரு "உலக சாதனை" நடக்குது, அதுல உங்க பொண்ணு பேர யாரு ஞாபகம் வச்சுக்கப் போறா சொல்லுங்க.

ஒலிம்பிக் எப்படிப் போறாங்கன்னா, கடிகாரம் வச்சுத்தான். 50 மீட்டர் குளம், எட்டு லேன், எலக்ட்ரானிக் டைமிங், அங்கீகாரம் உள்ள போட்டி, அதுல ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள்ள முடிக்கணும், அதுக்கு ஏ கட்டுன்னு பேரு. இந்தியால அந்த ஏ கட்ட முதன்முதலா எட்டுனவரு சஜன் பிரகாஷ், நம்ம நெய்வேலில வளந்தவரு, அம்மா சாந்திமோள் என்எல்சில வேலை பாத்த பழைய தடகள வீராங்கனை. 2021 ஜூன்ல ரோம்ல 200 மீட்டர் பட்டர்ஃப்ளை 1:56.38. கட்டு எவ்வளவு தெரியுமா, 1:56.48. ஒரு செகண்ட பத்தா வெட்டுனா அதுல ஒரு துண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். அதுக்கு முன்னாடி 2016 ரியோவுக்கு அவரு போனது நாட்டுக்கு ஆண்ல ஒருத்தர், பெண்ல ஒருத்தர்னு குடுக்குற இடத்துல. நடுவுல கழுத்து டிஸ்க் கெட்டுப்போய் கை தூக்க முடியாம கெடந்து திரும்ப வந்திருக்காரு. 2024 பாரிஸுக்கு பெங்களூர் பொண்ணு தினிதி 14 வயசுல போச்சு, அதுவும் அந்த மாதிரி இடம்தான், ஆனா அந்த இடம் கெடைக்கவே நாட்டுல முன்னணில நிக்கணும்.

இந்த மாதிரி ஆளுங்க எப்படி வாழுறாங்கன்னு புரோக்கர் சொல்ல மாட்டாரு. விடிகாலை நாலரைக்கு எந்திரிக்கணும், அஞ்சுக்கு தண்ணில இறங்கணும், ஏழரைக்கு ஏறி ஸ்கூல், சாயங்காலம் திரும்ப ரெண்டு மணி நேரம், நடுவுல ஜிம், தோள்பட்டை வலி, குளோரின்ல முடி செம்பட்டையாகி ஒடியும், திருவிழா கெடையாது, அத்தை வீட்டுக் கல்யாணம் கெடையாது. பெரிய ஆளுங்க வாரத்துக்கு 50, 60 கிலோமீட்டர் நீந்துறாங்க. தலைமன்னார்ல இருந்து தனுஷ்கோடி கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர், அப்ப வாரா வாரம் ரெண்டு தடவை ஜலசந்திய தாண்டுற கணக்கு, வருஷக்கணக்கா, யாரும் போட்டோ எடுக்காம. 28 ஒலிம்பிக் மெடல் வாங்குன மைக்கேல் ஃபெல்ப்ஸே, 2012க்கு அப்புறம் உயிரோட இருக்கவே பிடிக்காம ரூம்ல கெடந்தேன்னு வெளிப்படையா சொல்லியிருக்காரு. புள்ளைய இதுல விடுறதுன்னா இதையும் தெரிஞ்சுகிட்டு விடுங்க.

இப்ப அந்த சர்டிபிகேட். இதுதான் எனக்கு வயிறு எரியிற விஷயம். ஒரு பையன், நம்ம ராமேஸ்வரம் தீவுப்பக்கம்தான், பேரு ஊரு வேணாம், பத்து வயசுல கடல்ல நீந்தி சாதனைன்னு ஊரெல்லாம் பிளெக்ஸ் வச்சாங்க. பிளஸ் டூ முடிச்சப்ப கவுன்சிலிங் சரிபார்ப்புக்கு அவங்க அம்மாவோட நானும் போனேன். அந்தம்மா ஒரு மஞ்சப்பையில இருந்து எடுத்து வச்சாங்க, லேமினேஷன் பண்ணி, தங்கக் கலர் முத்திரை குத்தி, ஓரமெல்லாம் பூ போட்ட பெரிய சர்டிபிகேட். கவுன்டர்ல இருந்தவரு அத தொடக்கூட இல்ல, "ஃபார்ம் ரெண்டு இருக்கா, ஃபார்ம் நாலாவது இருக்கா"ன்னு கேட்டாரு. அந்தம்மாவுக்கு அது என்னன்னே தெரியல. அவங்க சேலைத் தலைப்பால அந்த லேமினேஷன தொடச்சு தொடச்சு திரும்ப நீட்டுனாங்க. அஞ்சு நிமிஷத்துல அடுத்த டோக்கன கூப்பிட்டுட்டாங்க.

அந்த ஃபார்ம் என்னன்னா, நாட்டுக்காக சர்வதேசப் போட்டில கலந்துகிட்டா ஃபார்ம் 1, மாநிலத்துக்காக நேஷனல்ல கலந்துகிட்டா ஃபார்ம் 2, யுனிவர்சிட்டிக்காக போனா ஃபார்ம் 3, ஸ்கூல் நேஷனல் போனா ஃபார்ம் 4. குடுக்க வேண்டியது நாட்டோட, மாநிலத்தோட நீச்சல் சங்கம், யுனிவர்சிட்டி, கல்வித்துறை. சாதனைப் புத்தகம் நடத்துற தனியார் கம்பெனிக்கு இதுல எந்த எடமும் இல்ல. அரசு வேலைல ஸ்போர்ட்ஸுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கு, இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல 500 சீட்டு இருக்கு, டாக்டர் சீட்டு ஸ்போர்ட்ஸ் கோட்டால விரல் விட்டு எண்ணிடலாம், அதுக்கு தமிழ்நாடு பூரா எல்லா வெளாட்டுக்காரங்களும் மோதுறாங்க. டாக்டர் சீட்டு வாங்கித் தர்றேன்னு ஒருத்தன் சொன்னாலே பேச்ச அங்கயே நிறுத்திடுங்க.

வேலை கெடைச்சா மட்டும் எல்லாம் சரியாகிடுமான்னா அதுவும் இல்ல. கோலாப்பூர் வீர்தவால் காடே 16 வயசுல பெய்ஜிங் ஒலிம்பிக் போனவரு, 2010 ஆசிய விளையாட்டுல 50 மீட்டர் பட்டர்ஃப்ளைல வெண்கலம், 24 வருஷம் கழிச்சு இந்தியாவுக்கு நீச்சல்ல கெடைச்ச மெடல் அது. மகாராஷ்டிரால தாசில்தார் வேலை குடுத்தாங்க, ஆனா ஆபீஸும் பிராக்டிஸும் ஒண்ணா ஓடல, நல்ல வயசுல பல வருஷம் குளத்த விட்டு தள்ளியே இருந்தாரு. நீந்துற ஆளுக்கு நாற்காலிய குடுத்துட்டு தண்ணிய புடுங்கிக்கிறது என்ன நியாயம்னு எனக்கு இன்னைக்கும் புரியல.

சரி, கடல் மாதிரி திறந்த தண்ணில நீந்துற ஒலிம்பிக் போட்டியே கெடையாதான்னு கேப்பீங்க. இருக்கு, 2008 பெய்ஜிங்ல இருந்து இருக்கு, 10 கிலோமீட்டர், மாரத்தான் நீச்சல்னு பேரு. இத கொஞ்சம் நெறைய சொல்றேன், ஏன்னா உங்க பொண்ணுக்கு நெசமாவே ஒரு கதவு இருக்குன்னா அது இதுதான். இதுல லேன் கெடையாது, முட்டி மோதிக்கிட்டுப் போகணும், அலைக்கு நடுவுல தலைய கொஞ்சமா தூக்கி மிதவை எங்க இருக்குன்னு பாக்கணும், முன்னால போறவங்க காலடில ஒட்டிக்கிட்டு அவங்க கிழிச்ச தண்ணில போய் சக்திய மிச்சம் பிடிக்கணும், நீட்டுக் கம்புல நீட்டுற பாட்டில நீந்திக்கிட்டே வாங்கி ரெண்டு மடக்கு குடிச்சுத் தூக்கிப் போடணும். நீவாடு, அதான் கடல் நீரோட்டம், எங்கிட்டு இழுக்குதுன்னு நம்ம புள்ளைங்களுக்கு சொல்லித் தரவே வேணாம், வாடைக் காத்துக்கு வடகடல் எப்படி, கச்சான் காத்துக்கு தென்கடல் எப்படின்னு ஒடம்புக்கே தெரியும், பெங்களூர்ப் புள்ளைக்கு அது வராது. ஆனா இதுலயும் ஒரு முடிச்சு இருக்கு. டோக்கியோல இந்த 10 கிலோமீட்டர்ல தங்கம் வாங்குன ஜெர்மனிக்காரர் ஃப்ளோரியன் வெல்ப்ராக், அதே ஒலிம்பிக்ல குளத்துல 1500 மீட்டர்ல வெண்கலம் வாங்குனவரு. அதாவது கடல்ல ஜெயிக்கிறவனும் குளத்துல வேகமானவன்தான். அப்புறம் உலக நீச்சல் சங்கத்து ரூல்படி அவங்க போட்டிக்கு கொறஞ்சது 14 வயசாகணும், தண்ணி சூடு 31 டிகிரிக்கு மேல போனா போட்டியே நடத்தக்கூடாது. சித்திரை, வைகாசில வடகடல்ல மத்தியானத் தண்ணி எப்படிக் கொதிக்கும்னு நான் உங்களுக்கு சொல்லணுமா? பெரியவங்களுக்கே இவ்வளவு பாக்குறாங்க, இங்க 12 வயசுப் புள்ளைய பத்து, பன்னெண்டு மணி நேரம் சொறி மீனுக்கும் வெயிலுக்கும் நடுவுல போடுறேங்கிறாங்க. பாக் ஜலசந்திய 1971ல போகவும் வரவும் சேத்து 51 மணி நேரத்துல நீந்துன இலங்கை வல்வெட்டித்துறை குமார் ஆனந்தனே 1984ல இங்கிலீஷ் கால்வாய்ல உயிர விட்டாரு. அவ்வளவு பெரிய நீச்சல்காரரையே தண்ணி கொண்டு போச்சுண்ணே.

அந்த புரோக்கர் திரும்ப வந்தா மூணே மூணு கேளுங்க. இந்திய அரசு அனுமதியும் இலங்கை அரசு அனுமதியும் யாரு பேர்ல வாங்குறீங்க, லெட்டர காட்டுங்க. கூட வர்ற படகுல டாக்டர் யாரு. இந்த சர்டிபிகேட் எந்த ஃபார்ம்ல வரும். பதில் வராது, "அதெல்லாம் நான் பாத்துக்குறேன்"னு வரும். இன்னும் சிலர் பொறந்த தேதிய மாத்தி ரெண்டு வயசு கொறைக்கலாம்பான், அதுக்கு தலைய ஆட்டிட்டீங்கன்னா மாட்டும்போது புள்ளைக்குத்தான் தடை. இன்னொரு கூட்டம் இருபது, முப்பதாயிரத்துக்கு ரேஸ் சூட் விக்கிறது, அது ஒரு சில போட்டிக்கே இறுக்கம் போயிடும், வளர்ற புள்ளைக்கு அது வேணவே வேணாம். டப்பால வர்ற புரோட்டீன் பவுடரும் வேணாம், அதுல என்ன கலந்திருக்குன்னு தெரியாம ஊக்கமருந்து சோதனைல மாட்டிக்கிட்டவங்க இருக்காங்க. வீட்ல மீனு இருக்குல்ல, அதப் போடுங்க.

என்ன செய்யணும்னா, ராமநாதபுரம் சேதுபதி ஸ்டேடியத்துல மாவட்ட விளையாட்டு அலுவலகம் இருக்கு, நேர்ல போய் கோச்சிங் கேளுங்க. 237 கிலோமீட்டர் கடற்கரை உள்ள மாவட்டம் இது, ஆனா நம்ம தீவுல இருந்து ஒரு புள்ள குளத்துல நீந்தணும்னா பஸ் ஏறி 45 கிலோமீட்டர் போகணும், பெரிய போட்டின்னா மதுரை ரேஸ்கோர்ஸ், இல்லன்னா 1995ல தெற்காசிய விளையாட்டுக்குக் கட்டுன வேளச்சேரி குளம். சங்கு குளிச்ச பரம்பரைக்கு பக்கத்துல ஒரு குளம் வெட்டித் தர இத்தன வருஷமா ஒருத்தருக்கும் தோணல, கேட்டா ஃபைல் போயிருக்குங்குறாங்க, எங்க போச்சுன்னுதான் தெரியல. ஸ்கூல் பி.டி. வாத்தியார்கிட்ட சொல்லி மாவட்ட ஸ்கூல் போட்டிலயும் முதலமைச்சர் கோப்பைலயும் பேரு குடுங்க. அதுல டைமிங் நல்லா வந்தா மாநில நீச்சல் சங்கம் மூலமா நாட்டு நீச்சல் ஃபெடரேஷன் பதிவு எண் வாங்கணும், ஆதாரும் பொறப்பு சர்டிபிகேட்டும் ஒண்ணுபோல இருக்கணும், எழுத்துப் பிழை இருந்தா இப்பவே திருத்துங்க. மேல போனா மத்திய அரசோட கேலோ இந்தியா திட்டத்துல வருஷத்துக்கு 6.28 லட்சம் வரைக்கும் பயிற்சிச் செலவு பாக்குறாங்க, அதுல 1.20 லட்சம் கைச்செலவுக்கு. பணம் உங்க கைல இருந்து போகக்கூடாது, அங்கிட்டு இருந்து வரணும்.

லேட்டான்னு கேட்டீங்க. இல்ல, அதுவும் 400, 800, 1500 மீட்டருக்கு இல்லவே இல்ல, மூச்சு ஏற்கனவே இருக்கு. கத்துக்க வேண்டியது செவருதான். கடல்ல செவரு கெடையாது, அதனால நம்ம புள்ளைங்க மொத நாள் குளத்துல வேகமா வந்து 50 மீட்டர்ல கையால செவத்த பிடிச்சுக்கிட்டு மேல ஏறிட்டு நம்மளப் பாக்கும், அடுத்த லேன் புள்ள அதுக்குள்ள குட்டிக்கரணம் போட்டுத் திரும்பி அஞ்சு மீட்டர் போயிருக்கும். தலைய தூக்கி நீந்துற பழக்கத்தையும் பைய மாத்தணும். ஆறு மாசம் ஆகும்.

இந்த சனிக்கிழமை பொண்ண வெள்ளன கூட்டிட்டுப் போய் குளத்துல 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்த விடுங்க, கோச்ச விட்டு டைம் எடுக்கச் சொல்லுங்க. கோச்சிங் இல்லாம ஏழு நிமிஷத்துக்குள்ள வந்துச்சுன்னா என் கணக்குல நல்ல சரக்கு, ஒரு வருஷத்துல அஞ்சரைக்கு கொண்டு வரலாம். எட்டு வந்தாலும் திட்டாதீங்க, செவத்துல நின்ன நேரம் அதுல சேந்திருக்கும். நம்பர எனக்கு அனுப்புங்க, புள்ளைக்கு நீந்தப் பிடிச்சிருக்கான்னு அதுகிட்டயே கேட்டு அதையும் சேத்து எழுதுங்க.