முத்து மங்கியதற்குக் காரணம்

அம்மா தந்த பிரேஸ்லெட்டில் அமெதிஸ்டும் (ஊதா நிறக் கல்) கண்ணாடி மணியும் பளிச்சுன்னு இருக்கு, முத்து மட்டும் மங்கிடுச்சு, எலாஸ்டிக்கும் அறுந்துடுச்சுன்னு கேட்டிருக்கீங்க சகோதரி. தயவுசெய்து வினிகர், எலுமிச்சை எதிலும் போட்டுடாதீங்க! முத்து பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், புளிப்பு பட்டா கரையும். நம்ம சென்னை வியர்வையும் சென்ட்டும் மெல்ல மெல்ல அதன் பளபளப்பைக் குறைக்கும். கூடவே உரசல் வேற. கடினத்தன்மையைச் சொல்லும் மோஸ் அளவில் அமெதிஸ்ட் 7, கண்ணாடி சுமார் 5.5, முத்து 2.5 முதல் 4.5 வரைதான்; கடினமானது உரசினா மென்மையான முத்துதான் தேயும்.

அதனால மறுபடி எலாஸ்டிக் வேண்டாம். பட்டு நூலில், முத்து, கல், மணி ஒவ்வொண்ணுக்கும் இடையே முடிச்சுப் போட்டுக் கோக்கச் சொல்லுங்க. உரசாது, அறுந்தாலும் ஒண்ணுதான் உருளும். சௌகார்பேட்டைப் பக்கம் கோக்கிறவங்க கிட்ட முத்தை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குங்க. போன மினுமினுப்பு திரும்பாது, ஈரத்துணியில் துடைச்சா அழுக்கு போகும். சென்ட் அடிச்சு முடிச்ச பிறகு கடைசியா போடுங்க, வீட்டுக்கு வந்ததும் முதல்ல கழட்டிடுங்க.