கணினி கேள்வி பதில்: எட்டு ஜிபியில் மீதி எங்கே?

கேள்வி: 8 ஜிபி ராம் என்று சொல்லித்தான் மடிக்கணினியை விற்றார்கள். உபுண்டு லினக்ஸ் போட்டு ‘ஃப்ரீ’ கட்டளை கொடுத்தால் மொத்தமே 7.6 என்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா சார்?
– கல்லூரி மாணவர், கோத்தகிரி

பதில்: கடைக்காரரைத் திட்ட வேண்டாம் தம்பி. கணினி எழும்போது எந்த முகவரியிலிருந்து எதுவரை ராம், எது தொடக்கூடாத பகுதி என்று பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை நிரல்) ஒரு பட்டியல் தரும். அதற்கு ஈ820 என்று பெயர். நம் மலையில் இடம் வாங்குகிறவர்கள் எது பட்டா, எது காப்புக்காடு என்று முதலில் வரைபடத்தைப் பார்ப்பதுபோல, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலும் இதைப் பார்த்துவிட்டுத்தான் வேலை தொடங்கும்.

‘சூடோ டிமெசேஜ்’ (sudo dmesg) கொடுத்து ஆரம்ப வரிகளைப் படியுங்கள். ‘யூசபிள்’, ‘ரிசர்வ்ட்’ என்று வரிசையாக வரும். 640 கேபி முதல் 1 எம்பி வரை ஓர் ஓட்டை இருக்கும். 1981-இல் ஐபிஎம் பிசியில் திரைக்கும் ரோம் சிப்புக்கும் விட்ட இடம் அது, இன்னும் காலி செய்யவில்லை! கடைசி வரியின் முகவரி 8 ஜிபியைத் தாண்டியிருந்தாலும் பயப்படாதீர்கள். 4 ஜிபிக்குக் கீழே பிசிஐ (உதிரி அட்டைகளை இணைக்கும் தடம்) சாதனங்களுக்கும் முகவரி வேண்டும், அதற்காக ராமின் ஒரு பகுதியை மேலே தள்ளிவிடுவார்கள்.

சரி, குறைந்தது எங்கே போனது? செயலியோடு சேர்ந்த கிராஃபிக்ஸ் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கர்னலின் சொந்த நிரலுக்கும் இடம் வேண்டும். அப்புறம் கணக்கேடு: ராமை 4 கேபி பக்கங்களாக வெட்டி, பக்கத்துக்கு 64 பைட் குறிப்பு எழுதி வைக்கிறது. 8 ஜிபியில் 20,97,152 பக்கங்கள், ஆகக் குறிப்புகளே 128 எம்பி. எனக்கு இது கொஞ்சம் ஊதாரித்தனமாகத்தான் தெரிகிறது. துவக்கத்தில் ‘மெம்பிளாக்’ என்ற பகுதி இந்த ஒதுக்கீடுகளை எல்லாம் குறித்துக்கொண்டு, மிஞ்சியதை, ராமைப் பங்கிட்டுத் தரும் ‘படி அலோகேட்டர்’ (buddy allocator) கையில் கொடுக்கிறது. ‘ஃப்ரீ’ மொத்தம் என்று காட்டுவது ஏறக்குறைய அந்த மிச்சத்தைத்தான்.

கேள்வி: பள்ளியில் ஒரு பழைய கணினி. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஓட்டினால் எப்போதும் ஒரே முகவரியில் பிழை வருகிறது. ராமைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?
– ஆசிரியை, கூடலூர்

பதில்: வேண்டாம் டீச்சர். கர்னல் துவக்க வரியில் ‘மெம்மேப்’ (memmap) என்று எழுதி, சமக்குறி, அளவு, டாலர் குறி, தொடக்க முகவரி என்ற வரிசையில் கொடுங்கள். அந்த இடத்தை ஒதுக்கப்பட்டதாக எடுத்துக்கொண்டு கர்னல் தொடாது. டாலர் குறிக்கு முன்னால் பின்சாய்வுக் கோடு போட மறந்தால், கர்னலை ஏற்றிவிடும் கிரப் நிரல் அதையும் அடுத்து வரும் எண்ணையும் விழுங்கிவிடும், கவனம். பிள்ளைகள் தட்டச்சு பழக இது போதும். மதிப்பெண் பட்டியலை மட்டும் அதில் வைக்காதீர்கள். மறுபடி சோதிக்கும்போது வேறு முகவரிகளும் தலைகாட்டினால் புது ராம் வாங்கிவிடுங்கள்.