சினிமா கேள்வி – பதில்: சித்தி திருந்திவிட்டாளா?

இப்போது வரும் படங்களில் மாற்றாந்தாய் நல்லவளாகவே வருகிறாள். கொடுமைக்காரச் சித்தியின் காலம் முடிந்துவிட்டதா?
– வாசகி, காரைக்குடி

நல்ல சித்தி புதியவள் அல்ல. கே.எஸ்.கோபாலகிருஷ்ணனின் ‘சித்தி’ 1966லேயே வந்துவிட்டது. தம்பியின் படிப்புக்காக வயதான ஒருவருக்கு இரண்டாம் தாரமாகி, அவருடைய பிள்ளைகளையும் வளர்த்தெடுப்பார் பத்மினி. அந்தக் காலத்துச் சித்திக்கு இரண்டே வேடம்தான்: ஒன்று ராட்சசி, இல்லையென்றால் தியாகி. இன்று நடந்திருக்கும் மாற்றம், அவளுக்கென்று ஆசையும் சலிப்பும் வந்திருப்பது.

‘ஜூனோ’ (2007) பாருங்கள். பதினாறு வயதில் கருவுற்ற பெண்ணின் சித்தி பிரென், அலிசன் ஜானி நடித்தது. அவளுக்கு நாய் வளர்க்கக் கொள்ளை ஆசை. ஜூனோவுக்கோ நாய் எச்சில் ஒவ்வாது. அதனால் நாய்ப் படங்களைப் பார்த்தே மனதைத் தேற்றிக்கொள்கிறாள், அதைச் சொல்லிக்காட்டவும் தயங்குவதில்லை. ஸ்கேன் எடுக்கும் பெண் ஜூனோவை இளக்காரமாகப் பேசியதும் பொரிந்து தள்ளுகிறவளும் இவள்தான். ‘என் மகள்’ என்று கண்ணீர் விடும் வசனமே தேவைப்படவில்லை. இதைவிடச் சிறப்பாக எழுதப்பட்ட சித்தி எங்கள் நினைவில் இல்லை.

‘ஸ்டெப்மாம்’, அதன் இந்தி வடிவம் – எது மேல்?
– வாசகர், சேலம்

1998இன் மூலமே. ஜூலியா ராபர்ட்ஸுக்கும் சூசன் சரண்டனுக்கும் இடையிலான உரசல் கூர்மையாக இருக்கும். 2010இல் கஜோல், கரீனா கபூர் நடித்த ‘வீ ஆர் ஃபேமிலி’யில் அழுகை கூடிவிட்டது. ஆனால் குறை இரண்டுக்கும் பொது. பெற்ற தாயும் புதியவளும் பிள்ளைகளை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்ற நல்ல கேள்வியை எழுப்பிவிட்டு, தாய்க்குப் புற்றுநோயைக் கொடுத்துத் திரைக்கதை தப்பித்துக்கொள்கிறது. இருவரும் இருபது வருடம் உயிரோடிருந்து, மகளின் கல்யாண மேடையில் யார் எங்கே நிற்பது என்று முழிப்பதுதான் கடினமான கதை. அதை எடுக்கத்தான் ஆளில்லை.

‘என்னை அறிந்தால்’ படத்தில் ஹேமானிகா இறந்தபின் அவள் மகள் ஈஷாவை, அவள் தாயை மணக்கவிருந்த சத்யதேவ் வளர்க்கிறான். நிஜத்தில் சட்டம் விடுமா?
– வாசகர், திருநெல்வேலி

அவ்வளவு எளிதாக விடாது. படத்தில் கல்யாணத்துக்கு முன்பே அவள் கொல்லப்படுகிறாள். தாலி ஏறியிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது: 1956ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் கார்டியன்ஷிப் சட்டம், 6ஆம் பிரிவின் விளக்கத்திலேயே ‘தந்தை, தாய் என்பதில் மாற்றாந்தந்தை, மாற்றாந்தாய் அடங்கமாட்டார்கள்’ என்கிறது. பெற்ற தந்தை உயிரோடிருந்தால் இயற்கைக் காப்பாளர் அவரே. மற்றவர் 1890ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டப்படி நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டும். குழந்தையின் நலன் பார்த்து நீதிபதி முடிவு செய்வார்.

மறுமணம் செய்தவர்கள் கவனிக்க: தாய் உயிரோடிருக்கும்போதே முறைப்படி தத்தெடுத்துக்கொள்ள வழி உண்டு. மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிந்து, பிரிந்துபோன பெற்றவரின் சம்மதத்தையும் சேர்க்க வேண்டும். 2022 செப்டம்பர் முதல் நீதிமன்றத்துக்குப் பதில் மாவட்ட ஆட்சியரே ஆணை தருகிறார். அநேகமாக அந்தச் சம்மதக் கையெழுத்தில்தான் எல்லாம் முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு முழுப் படத்துக்கான கதை அதிலேயே இருக்கிறது.

பத்து வயதுப் பெண், அவள் அம்மாவின் மறுமணம் – இதை 20 நிமிடக் குறும்படமாக எழுதுகிறேன். மாற்றாந்தந்தை பாத்திரம் செயற்கையாக வருகிறது. எங்கே தவறு?
– உதவி இயக்குநர், சென்னை

நீங்கள் அனுப்பிய சுருக்கத்தில் அவர் சிறுமியை விபத்திலிருந்து காப்பாற்றுகிறார், அவள் ‘அப்பா’ என்று ஓடிவருகிறாள். தவறு அங்கேதான். மாற்றுக் குடும்பங்களை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் பட்ரீசியா பேப்பர்னோ, வேகமாகச் சேரும் குடும்பத்துக்கே சுமார் 4 வருடம், சராசரிக் குடும்பத்துக்கு சுமார் 7 வருடம் ஆகும் என்கிறார். 20 நிமிடத்தில் அந்த ஏழு வருடத்தில் ஒரு வாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெற்ற அப்பா உயிரோடிருக்கிறாரா என்று முடிவு செய்யுங்கள். இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் வரட்டும். அப்போது புதியவர் எழுந்து வெளியே போகிறாரா, டிவி சத்தத்தைக் குறைக்கிறாரா என்பதிலேயே அவர் யாரென்று தெரிந்துவிடும்.

அடுத்தது, அழைப்பு. இந்த வயதுப் பிள்ளை ‘அங்கிள்’ என்றும் சொல்லாது, ‘அப்பா’ என்றும் சொல்லாது. பெயரே இல்லாமல் சமாளிக்கும். ‘அம்மா, அவர்கிட்ட சாவி கேளேன்’ என்று, அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லும். ‘அப்பா’ என்று சொல்லவைத்தே தீர வேண்டுமென்றால், அவர் இல்லாத இடத்தில், பள்ளி வாட்ச்மேனிடம் சொல்லட்டும்.

கண்டிப்பை அம்மா கையில் விடுங்கள். உறவு ஊன்றுவதற்கு முன் புதியவர் அதட்டினால் கதவு சாத்திக்கொள்ளும். ‘பாய்ஹுட்’டில் (2014) மாற்றாந்தந்தை சிறுவன் மேசனின் நீளமுடியை ஒட்ட வெட்டவைக்கும் ஒரே காட்சி போதும், அந்த வீடு நிலைக்காது என்று புரிய. அதே படத்தில் தாய் தன் இரு பிள்ளைகளை மட்டும் அழைத்துக்கொண்டு வெளியேறுகிறாள். கணவனின் பிள்ளைகள் மீது அவளுக்கு உரிமையில்லை. கூடவே வளர்ந்த அந்த இருவரும் பிறகு படத்தில் வருவதே இல்லை. 12 வருடம் படம்பிடித்த இயக்குநர் லிங்க்லேட்டர் வேண்டுமென்றே விட்ட வெற்றிடம் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

மறுமணம் செய்துகொண்டேன். 11 வயது மகனோடு பார்க்க ஒரு படம்?
– வாசகி, கோவை

‘ஆன்ட்-மேன்’ (2015), பிறகு அதன் இரண்டாம் பாகம் (2018). சூப்பர் ஹீரோ அப்பா ஒருபுறம், அம்மாவின் புதுத்துணையான போலீஸ்காரர் பாக்ஸ்டன் மறுபுறம். முதலில் முறைத்துக்கொள்கிறவர்கள் கடைசியில் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். சிறுமி கேஸி எவரையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. படம் முடிந்ததும் ‘உனக்கு எப்படி இருக்கு?’ என்று குடைய வேண்டாம். அவன் சண்டைக் காட்சியைப் பற்றிப் பேசினால் நீங்களும் அதையே பேசுங்கள்.