பழைய வேட்டைக் குறிப்புகளின் பத்தடிப் புலியை நம்பலாமா?

பிரிட்டிஷ் கால வேட்டைக் குறிப்புகளில் பத்து, பதினோரு அடிப் புலிகள் வருகின்றனவே, நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எப்படி அளந்தார்கள் என்பதை முதலில் பாருங்கள். மூக்கு நுனியிலும் வால் நுனியிலும் முளையடித்து, இடைத்தூரத்தை நேர்கோட்டில் அளப்பது ஒரு முறை. நாடாவை முதுகின் வளைவோடு ஒட்டியபடியே கொண்டுபோவது இன்னொன்று. அதே புலி இதில் சில அங்குலம் கூடிவிடும். 1930-இல் பிரபல வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் வட இந்தியாவின் பவல்கர் என்ற ஊருக்கு அருகே சுட்ட புலியின் 10 அடி 7 அங்குலம் வளைவோடு அளந்ததுதான். அவர் முறையையும் சேர்த்தே எழுதியதால் அந்த எண்ணை நம்புகிறேன். உரித்த தோலின் நீளத்தைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள், ஈரத்தோல் இழுத்த இழுப்புக்கு நீளும். அப்புறம் எடை. காட்டில் தராசு ஏது? பல எண்கள் வெறும் கண்மதிப்பு. 1967-இல் வட இந்தியாவில் சுடப்பட்ட 389 கிலோ புலியைச் சாதனை என்பார்கள். அது முந்தைய இரவுதான் எருமையைத் தின்றிருந்தது. அந்த இறைச்சியும் எடையில் சேர்த்தி.