லோடு கொடுப்பவரே டியூவும் வாங்கினால்

கேள்வி: எனக்கு 36 வயது. சொந்த ஊர் நாமக்கல் பக்கம். மனைவி நர்ஸ், அவருடைய வேலையால்தான் அமெரிக்கா வந்தோம். இப்போது ஹூஸ்டனில் இருக்கிறோம். சி.டி.எல். என்ற கனரக வண்டி லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடமாக ஒரு பெரிய கம்பெனியில் டிரக் ஓட்டுகிறேன், மைலுக்கு 55 சென்ட். இப்போது கம்பெனியே லீஸில் வண்டி தருவதாகச் சொல்கிறது. முன்பணம் இல்லை, கிரெடிட் பார்க்க மாட்டார்களாம். வாரம் 895 டாலர், 156 வாரம், கடைசியில் 12,000 கட்டினால் வண்டி என் பெயருக்கு வந்துவிடும். லோடு வாடகையில் 70 சதவீதம் எனக்கு. பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்கிறார் ரெக்ரூட்டர். வண்டி நான்கு வருடப் பழசு. அதே மாதிரி வண்டியை ஒரு டீலரிடம் 65,000க்குப் பார்த்தேன், முன்பணத்துக்குத்தான் வழியில்லை. அப்பா ஊரில் 20 வருடம் சொந்த லாரி வைத்து ஓட்டியவர். "எப்படா சொந்த வண்டி வாங்கப் போற" என்று ஒவ்வொரு போனிலும் கேட்கிறார். மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம். போடலாமா?

ஹூஸ்டனிலிருந்து ஒரு வாசகர்

பதில்:

தம்பி, வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதுவதை முழுக்கப் படிக்க உங்களுக்கு நேரம் கிடைப்பதற்குள் அந்த ரெக்ரூட்டர் இன்னும் இரண்டு தடவை போன் செய்துவிடுவார்.

நானும் இதில் கை சுட்டுக்கொண்டவன். 2013 ஜனவரியில் இதே மாதிரி ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டு 58 வாரம் ஓட்டினேன். முதல் பத்து மாதம் நன்றாகத்தான் போனது, அதை மறைக்கக் கூடாது. நவம்பரில் வயோமிங்கில் 80ஆம் நெடுஞ்சாலையில் டர்போ போய், வண்டி 11 நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றது. வண்டி நின்றாலும் வாரத் தவணை நிற்கவில்லை. ரிப்பேருக்கென்று வாராவாரம் என்னிடம் பிடித்துவைத்த பராமரிப்புக் கணக்கில் இருந்ததையும் தாண்டி பில் போனது, மீதியை என் பெயரில் கடனாக எழுதி வாராவாரம் பிடித்தார்கள். அப்புறம் என்ன காரணமோ, 2,500 மைல் வந்துகொண்டிருந்த எனக்கு 1,400, 1,500 என்று லோடு சுருங்க ஆரம்பித்தது. லோடு ஒதுக்கும் டிஸ்பாட்சரைக் கேட்டால் "சரக்கு கம்மியா இருக்கு" என்பார், அதே டெர்மினலில் கம்பெனி டிரைவர்கள் மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டிருப்பார்கள். மூன்று வாரம் தொடர்ந்து செட்டில்மென்ட் மைனஸில் வந்தது, அதாவது வாரம் முழுக்க ஓட்டிவிட்டு நான் அவர்களுக்குப் பணம் தர வேண்டும். பிப்ரவரியில் சாவியைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். அடுத்த மாதமே அதே வண்டியை வேறொரு புதுப் பையனுக்கு லீஸில் கொடுத்துவிட்டார்கள். டாஷ்போர்டில் நான் ஒட்டிய பிள்ளையார் ஸ்டிக்கர் அப்படியே இருந்ததாக நண்பர் ஒருவர் பார்த்துச் சொன்னார். அந்தப் பையனும் முதல் வாரத்திலிருந்துதான் டியூ கட்ட ஆரம்பித்திருப்பான், நான் கட்டிய 58 வாரமும் வண்டியோடு அங்கேயே தங்கிவிட்டது.

எனக்குத்தான் துரதிர்ஷ்டம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று பிறகுதான் புரிந்தது. நாமக்கல்காரரான உங்களுக்கு அதைச் சட்டென்று விளக்கிவிடலாம். உங்கள் அப்பாவின் லாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் அப்பா பெயர், அதில் ஃபைனான்ஸ் கம்பெனிக்கு ஹைப்பாதிகேஷன். டியூ ஃபைனான்ஸ்காரருக்கு, லோடு புக்கிங் ஆபீஸில். இரண்டும் வேறு வேறு ஆள். ஒரு ஆபீஸில் வாடகை கட்டுப்படியாகவில்லை என்றால் அடுத்த ஆபீஸ் படி ஏறியிருப்பார், ரிட்டர்ன் லோடு இல்லையென்றால் இரண்டு நாள் காத்திருந்திருப்பார். டியூ தவறினால் ஃபைனான்ஸ்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றிருப்பார், வண்டியைத் தூக்கிக்கொண்டும் போயிருப்பார், அவர் ஒன்றும் தர்மவான் இல்லை. ஆனால் அப்பாவுக்கு இந்த வாரம் எத்தனை லோடு கிடைக்க வேண்டும் என்பது அந்த ஃபைனான்ஸ்காரர் கையில் இல்லை.

உங்களுக்கு வந்திருக்கும் பேப்பரில் அந்த இரண்டு பேரும் ஒரே ஆள். பேப்பரை நன்றாகப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டு ஒப்பந்தம் இருக்கும். ஒன்றில் லீஸிங் கம்பெனி உங்களுக்கு வண்டி தருகிறது. இன்னொன்றில் நீங்கள் அதே வண்டியைக் கேரியருக்கு, அதாவது உங்களுக்கு லோடு தருகிற டிரக் கம்பெனிக்கு, வாடகைக்கு விடுகிறீர்கள். அந்த லீஸிங் கம்பெனி பல இடங்களில் கேரியரின் சொந்தக் கிளையாகவோ கூட்டாளியாகவோ இருக்கும். டைட்டில் என்ற உரிமைப் பத்திரம் அவர்களிடம், லோடு அவர்களிடம், இன்சூரன்ஸ் அவர்கள் மூலம், உங்கள் பணத்திலிருந்து பிடிக்க வேண்டியதைப் பிடித்துவிட்டு மீதியைத் தருவதும் அவர்கள். வெளியே லோடு எடுக்கலாமா என்று தேடிப் பாருங்கள், அவர்கள் அனுமதி இல்லாமல் கூடாது என்று இருக்கும். ஒரு ஒப்பந்தம் முறிந்தால் இன்னொன்றும் முறிந்ததாக ஆகும் என்று ஒரு வரியும் இருக்கும். கேரியரோடு சண்டை வந்த அன்றே வண்டியும் போய்விடுகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். 895ஐ 156ஆல் பெருக்கினால் 1,39,620, கடைசி 12,000ஐயும் சேர்த்தால் 1,51,620 டாலர். டீலரிடம் 65,000க்கு நிற்கும் வண்டிக்கு! கிரெடிட் பார்க்க மாட்டோம் என்று அவர்கள் ஏன் பெருந்தன்மையாக இருக்கிறார்கள் என்பது இதிலேயே தெரிகிறது. நீங்கள் கட்டாவிட்டாலும் அவர்களுக்கு நஷ்டம் இல்லை, வண்டி அடுத்த ஆளுக்குப் போகும்.

இப்போது ஒரு நல்ல வாரத்தைப் பார்ப்போம். 2,500 மைல், லோடு வாடகை 5,500 டாலர், உங்கள் 70 சதவீதம் 3,850. கேலனுக்கு ஆறரை மைல், டீசல் 3.70 டாலர் என்று வைத்தால் டீசலுக்கு மட்டும் 1,423 போகும். தவணை 895. பராமரிப்புக்கு மைலுக்கு 10 சென்ட் பிடித்தால் 250. மற்ற பிடித்தங்களை நீங்கள் எழுதவில்லை, நான் பார்த்த பேப்பர்களை வைத்து இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 160, எஸ்க்ரோ என்று அவர்கள் பிடித்துவைக்கும் டெபாசிட் 100, நம்பர் பிளேட், ஓட்டும் நேரத்தைப் பதியும் ஈ.எல்.டி. கருவி வகையறா 75 என்று போடுகிறேன். கையில் மிஞ்சுவது 947 டாலர். அதே 2,500 மைலுக்கு இன்று உங்களுக்கு 1,375 வருகிறது, டீசல் கவலையோ டயர் கவலையோ இல்லாமல். மைல் 1,600 ஆகச் சுருங்கினால் இதே கணக்கில் 163 டாலர்தான் மிஞ்சும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் வீட்டில் இருந்தால் 1,230 டாலர் கடன். என் எண்களை எடுத்துவிட்டு உங்கள் பேப்பரில் இருக்கும் எண்களைப் போட்டு மனைவியோடு உட்கார்ந்து ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

வரியையும் மறக்கக் கூடாது. லீஸில் ஏறிய நாளிலிருந்து நீங்கள் சம்பளக்காரர் இல்லை, வருடக் கடைசியில் 1099 படிவம்தான் வரும். இன்று உங்கள் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகளில் பாதியைக் கம்பெனி கட்டுகிறது, இனி 15.3 சதவீதமும் உங்கள் தலையில், அதற்கு மேல் வருமான வரி, அதுவும் வருடத்துக்கு நான்கு தவணையாக நீங்களே கணித்துக் கட்ட வேண்டும். அந்த 947இல் இதுவும் போக வேண்டும். இதைக் கவனிக்காமல் ஏப்ரலில் மாட்டிக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்தே நிறைய.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, மத்திய விதித்தொகுப்பு 49, பகுதி 376. கேட்டு வாங்கக்கூடிய உரிமைகள் அதில் உண்டு. சதவீதக் கணக்கில் பணம் தருகிறவர்கள் செட்டில்மென்ட் நேரத்திலோ அதற்கு முன்போ அந்த லோடின் வாடகையைக் காட்டும் ஃப்ரெய்ட் பில் நகலை உங்களுக்குத் தர வேண்டும். அது இல்லாமல் எதில் 70 சதவீதம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? டெலிவரி பேப்பர் கொடுத்த 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். எஸ்க்ரோ பணத்துக்கு வட்டி தர வேண்டும், ஒப்பந்தம் முடிந்த 45 நாளுக்குள் கணக்குக் காட்டித் திருப்பித் தர வேண்டும். ஆனால் இந்த விதிகள் பெரும்பாலும் எதைப் பிடிக்கிறோம் என்று எழுதிக் காட்டச் சொல்கிறவைதான். வாரத் தவணை இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்றோ, இத்தனை மைலாவது தர வேண்டும் என்றோ அதில் எதுவும் இல்லை. 65,000 வண்டியை ஒன்றரை லட்சத்துக்கு விற்பது அதன்படி குற்றம் இல்லை.

இது என் புலம்பல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2017இல் யு.எஸ்.ஏ. டுடே பத்திரிகை லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகப் பக்கம் கண்டெய்னர் ஓட்டுகிறவர்களைப் பற்றி விசாரித்து எழுதியது. வாரம் முழுக்க ஓட்டிவிட்டுப் பிடித்தம் போகச் சில்லறையோடு வீட்டுக்குப் போனவர்கள் அதில் இருக்கிறார்கள். 2019 ஜனவரியில், நியூ பிரைம் கம்பெனியில் லீஸ் வண்டி ஓட்டிய ஒரு டிரைவரின் வழக்கில், சுயதொழில் என்று பெயர் வைத்திருந்தாலும் இப்படிப்பட்ட போக்குவரத்துத் தொழிலாளியை மத்தியஸ்தச் சட்டத்தைக் காட்டி நீதிமன்றத்துக்கு வராமல் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் எட்டுக்குப் பூஜ்யம் என்று தீர்ப்புச் சொன்னது. ஸ்விஃப்ட் கம்பெனியின் லீஸ் டிரைவர்கள் போட்ட வழக்கு பத்து வருடம் இழுத்து, 2019இல் 100 மில்லியன் டாலர் சமரசத்தில் முடிந்தது. இதையெல்லாம் ஆராயவே, 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தின்படி டிரக் லீஸ் பற்றி ஒரு குழுவை அரசாங்கம் அமைத்தது. அந்தக் குழு 2025 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. டிரைவர்களிடம் கேட்டு, ஒப்பந்தங்களைப் பார்த்து, கேரியர் தரும் இந்த லீஸ்-பர்ச்சேஸ் முறையையே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தடை செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பரிந்துரை சட்டம் ஆகாது என்பது உண்மைதான், ஆனால் வெள்ளிக்கிழமை முடிவெடுக்க வேண்டிய உங்களுக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

லீஸை முழுசாகக் கட்டி முடித்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள். நான் இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருமே தனியாள், வீட்டு வாடகை கிடையாது, வண்டியிலேயே குடியிருந்து வருடத்துக்குப் பத்து நாள்கூட ஓய்வெடுக்காமல் ஓட்டியவர்கள், பெரிய ரிப்பேர் எதுவும் வராத அதிர்ஷ்டமும் இருந்தது. உங்களுக்கு வீட்டில் மனைவி இருக்கிறார். தவணைக்குப் பயந்து தூக்கத்தை விட்டு ஓட்டுகிற நிலைமைக்கு நீங்கள் போவதை நான் விரும்பவில்லை. ஓய்வுக்கு முன் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்ற விதியை மீறி ஓட்டச் சொல்லிக் கேரியர் கட்டாயப்படுத்துவது சட்டவிரோதம், 90 நாளுக்குள் புகார் செய்யலாம். ஆனால் டியூ உங்களைக் கட்டாயப்படுத்தினால் யாரிடம் போய்ப் புகார் செய்வீர்கள்?

எப்போது வேண்டுமானாலும் விட்டுவிட்டுப் போகலாம் என்றாரே ரெக்ரூட்டர், அது பேப்பரில் இருக்கிறதா என்று பாருங்கள். "டிஃபால்ட்", அதாவது ஒப்பந்தத்தை மீறினால் என்ன ஆகும் என்ற தலைப்பைத் தேடுங்கள். பாதியில் விட்டால் மீதித் தவணை மொத்தமும் உடனே கட்ட வேண்டும் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கிறது. பராமரிப்புப் பணம் திரும்ப வராது என்று பலவற்றில் இருக்கிறது, என்னுடையதில் இருந்தது. வாயால் சொன்னது எதற்கும் மதிப்பில்லை. பேப்பரை வீட்டுக்கு அனுப்புங்கள், வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்று கேளுங்கள். அனுப்ப முடியாது, டெர்மினலில் வந்து படித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. டெர்மினலில் இப்போது லீஸில் ஓட்டுகிற மூன்று பேரிடம் கடைசி இரண்டு மாத செட்டில்மென்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். ரெக்ரூட்டர் கூட்டிவந்து அறிமுகம் செய்கிற ஆளை விட்டுவிட்டு, நீங்களாகப் பார்த்துப் பிடியுங்கள்.

சொந்த வண்டி ஆசை தப்பில்லை தம்பி, அதை விடச் சொல்லவில்லை. இன்னும் ஒன்றரை வருடம் கம்பெனி வண்டியே ஓட்டுங்கள். வாரம் 250 டாலர் தனியாக ஒதுக்கினால் 78 வாரத்தில் 19,500 ஆகிறது. கிரெடிட்டைச் சரிசெய்யுங்கள், அனுபவமும் மூன்றரை வருடம் ஆகிவிடும், கடன் கேட்கும்போது அது கைகொடுக்கும். கேரியருக்குச் சம்பந்தமே இல்லாத வங்கியிலோ கிரெடிட் யூனியனிலோ கடன் வாங்கி, டைட்டிலில் உங்கள் பெயரோடு வண்டி எடுங்கள். அப்புறம் அந்த வண்டியை ஒரு கேரியரிடம் விடலாம், லோடு தராவிட்டால் அவர்கள் பெயர்ப் பலகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வண்டியோடு அடுத்த இடத்துக்குப் போகலாம். ரிப்பேருக்கென்று பத்தாயிரமாவது கையில் இல்லாமல் மட்டும் எடுக்காதீர்கள், வயோமிங் குளிர் எனக்கு இன்னும் மறக்கவில்லை. மிசௌரியில் ஓ.ஓ.ஐ.டி.ஏ. என்று ஓனர்-ஆபரேட்டர்களின் சங்கம் ஒன்று 1973இலிருந்து இருக்கிறது, இப்போதே அதில் சேர்ந்துவிடுங்கள்.

அடுத்த தடவை அப்பா போனில் கேட்டால் மழுப்ப வேண்டாம், இந்த லீஸை அவருக்கே விளக்குங்கள். வண்டியும் அவர்களுடையது, லோடும் அவர்களுடையது, டியூவும் அவர்களுக்கே, வெளி லோடு எடுக்கக் கூடாது என்று சொல்லுங்கள். 20 வருடம் புக்கிங் ஆபீஸ் ஏறி இறங்கியவர், பாதி சொல்லும்போதே "வேண்டாண்டா" என்பார்.